சென்னம்மாள் ஆயா அல்ல

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் சாலையில், லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவே ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. மதியம் அங்கேதான் சாப்பிடுகிறேன். முட்டைக் குழம்பு. கதையும் அங்கேயே கிடைத்தது.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

"விறகடுப்பின் புகையில் கண்களைக் கசக்கிக்கொண்டே அந்த மூதாட்டி மண்சட்டியைக்—"

நிறுத்திவிட்டேன். ஒரு வாக்கியத்தில் மூன்று பொய். கடையில் இருப்பது கேஸ் அடுப்பு. குழம்பு வேகிறது அலுமினியப் போசியில். கடை நடத்தும் சென்னம்மாளுக்கு வயது நாற்பத்தாறு. நைட்டி மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு சமைப்பாள். மூதாட்டி என்று எழுதியது தெரிந்தால் எனக்கு நாளைக்குச் சோறு கிடையாது.

(பிறகு ஏன் எழுதினேன்? கேஸ் அடுப்பு வரும் என் கதை ஒன்று பத்திரிகையிலிருந்து 'மண்வாசனை போதவில்லை' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அடுத்த கதையில் மண்ணை அள்ளிக் கொட்டினேன். அச்சாகிவிட்டது.)

2

தமிழரசு ரீல் எடுப்பவன். ஊர் ஊராகப் போய்ச் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடித் தலையாட்டுவான். அதை இரண்டு லட்சம் பேர் பார்ப்பார்கள். போன தை மாதம் கடைக்கு வந்தான்.

"ஏனுங்க்கா, விறகடுப்பு இருக்குதுங்களா?"

"விறகு வெச்சா பாத்தரம் கரி புடிக்கும். நீங்க தேச்சுக் குடுப்பீங்களா?"

"மூணு நிமிசத்துக்குத்தானுங்க. மண்சட்டி கார்லயே வெச்சிருக்கறேன். நூல் சேலை கட்டிக்குங்க. தலையில கொஞ்சம் பவுடர் போட்டுக்கலாம்."

"தலைக்கு எதுக்குங்க பவுடரு?"

"நரைக்குங்க."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தபடியே சம்மதித்தும்விட்டாள். போசியில் வெந்த குழம்பு கேமராவுக்காக மண்சட்டிக்கு மாறியது. கடைசியில் ஒரு வசனம். சென்னம்மாள் தனக்குப் பிடித்தவர்களிடம் இலைமுன் நின்று "சாப்புடு சாமி" என்பாள். எல்லாரிடமும் சொல்ல மாட்டாள். முட்டையை மிச்சம் வைப்பவனிடம் "எந்திரிச்சுப் போங்க" என்பாள். தமிழரசு அவளை "சாப்புடு சாமி"யை ஆறு தடவை சொல்லவைத்தான்.

"இன்னுங் கொஞ்சம் பாசமாங்க்கா."

"எத்தன கிராம் போடட்டும்?"

இந்தப் பகுதி ரீலில் வரவில்லை. தலைப்பு மட்டும் வந்தது: 'நாமக்கல் ஆயாவின் மண்சட்டி முட்டைக் குழம்பு.' இந்தப் பக்கம் பாட்டிக்கு ஆயா என்று பெயர்.

3

கூட்டம் வந்தது. இருபது நாள் நாங்கள் நின்றுகொண்டே சாப்பிட்டோம். பிறகு பக்கத்துக் கடையில் 'ஆயா சமையல்' என்று போர்டு ஏறியது. எதிர்க்கடையில் 'ஒரிஜினல் ஆயா கடை'. பெட்ரோல் பங்க் ஓரத்தில் டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர் ஆயாவின் பெயரில் கம்மங்கூழ் விற்றார்.

சட்டம் எதுவும் வரவில்லை. யாரும் யாரையும் மிரட்டவில்லை. மூன்று பேர் தனித்தனியாக யோசித்து, ஒரே வாரத்தில், ஒரே மாதிரி மண்சட்டியை வாங்கினார்கள். கேட்டால் மூவருமே அது தங்கள் சொந்த யோசனை என்பார்கள். நானும் என் மூதாட்டியைச் சொந்த யோசனை என்றுதான் நினைத்தேன்.

ஒரு நாள் காரிலிருந்து இறங்கியவர் போனைப் பார்த்தார், சென்னம்மாளைப் பார்த்தார்.

"இந்த ஆயா எங்கீங்க?"

"நாந்தானுங்க."

"இல்லீங்க, இவங்க வயசானவங்க." போனைத் திருப்பிக் காட்டினார்.

எதிர்க்கடைக்குப் போய்விட்டார். அதன்பின் வந்த கூட்டமும் அங்கேதான் போனது. அங்கே கடைக்காரரின் மாமியார், எழுபது வயது, அடுப்போரம் கரண்டியோடு உட்கார்ந்திருந்தார். அந்தம்மாள் சமைத்து யாரும் பார்த்ததில்லை.

4

சென்னம்மாளின் கணவர் குமாரசாமியை முதல் பிரதியில் பேராசைக்காரராக எழுதியிருந்தேன். கதைக்கு ஒரு கெட்டவன் இருந்தால் வசதி. ஆனால் அவர் பேசியதைக் கேட்டபின் அதை அடித்துவிட்டேன்.

"ஏம்புள்ள, ஒரு சேலை, ஒரு சட்டி. உனக்கென்ன கொறஞ்சு போவுது?"

"ஒண்ணுங் கொறையலீங்க. வயசுதான் இருவது கூடுது."

"வெளையாடாத. இந்த மாசம் இப்பிடியே போச்சுன்னா கடைய மூடோணும். நாங் கோழிப்பண்ணைக்கு வேலைக்குப் போவோணும்."

அவர் நூல் சேலை ஒன்றை வாங்கி வந்து, இஸ்திரி போட்டு, சமையலறை ஆணியில் மாட்டினார். அது அங்கேயே தொங்கியது.

அதைவிட மோசமானது ஒன்று நடந்தது. பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கும் மாதையன் பத்து வருட வாடிக்கை. அவர் இலையில் முட்டையை வைத்துப் பழக்கதோசத்தில் "சாப்புடு சாமி" என்றாள். மாதையன் தலையைத் தூக்கினார்.

"நாங் கேமரா கொண்டாரலீங்க்கா."

கேலிதான். ஆனால் அன்றிலிருந்து அவள் யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

5

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

அ) சேலையைக் கட்டுகிறாள், நரைக்கிறாள், கடை பிழைக்கிறது. நடக்கக்கூடியது. அதனாலேயே எழுதக் கை வரவில்லை.

ஆ) மறுக்கிறாள், மக்கள் உண்மையான ருசியைத் தேடி அவளிடமே திரும்புகிறார்கள். இதை நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானும் எதிர்க்கடையில் ஒரு தடவை சாப்பிட்டேன். ருசி நன்றாகவே இருந்தது.

இ) கதாசிரியர் ஊராருக்கு நடுவில் எழுந்து நின்று பேசுகி— வேண்டாம்.

6

நடந்தது இது. மதியம் ஒன்றரை மணி. எதிர்க்கடையில் இடம் இல்லாமல் சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து வந்த ஒரு குடும்பம் இங்கே உட்கார்ந்தது. அம்மா போனைத் தூக்கிப் பிடித்தார். பக்கத்தில் மகள் கனிஷ்கா, ஏழெட்டு வயது.

"ஆயா, அந்த 'சாப்புடு சாமி' சொல்லுங்களேன். பாப்பாவுக்காக. நான் போட்டா நல்லாப் போகும், உங்க கடைக்கும் நல்லது."

குமாரசாமி ரச வாளியோடு நின்றார். ஆணியில் இருந்த சேலையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். மாதையன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். சென்னம்மாள் கரண்டியைப் போசிக்குள் வைத்தாள். துண்டில் கையைத் துடைத்தாள். போனை நேராகப் பார்த்து ஒரு வரி சொன்னாள்.

அந்த அம்மா போனை இறக்கிவிட்டார். மாதையனுக்குப் புரையேறியது. குமாரசாமி வாளியைத் தரையில் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று என் இடத்திலிருந்து தெரியவில்லை. கனிஷ்கா இரண்டாவது முட்டை கேட்டாள்.

சென்னம்மாள் என் மேசைக்கு வந்தாள். "இதையும் எழுதிப் போட்டுருவீங்களா?"

"எழுதலீங்க."

ஆகவே அந்த வரி இங்கே இல்லை. எழுதினால் அடுத்த வாரமே எதிர்க்கடை மாமியார் அதை மனப்பாடம் செய்துவிடுவார். கடை இதுவரை மூடவில்லை. இனி மூடுமா என்று எனக்குத் தெரியாது.

அந்த வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.

"..............................."

எழுதியதும் இதைப் படித்த இன்னொருவரிடம் அவர் எழுதியதைக் கேட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அழித்துவிடுங்கள். சென்னம்மாள் அதைச் சொல்லவில்லை.