ஒரு மூடி வெள்ளை மருந்து

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து முத்தலிபு சோற்றுக் கோப்பைக்கு முன்னால் உட்கார்ந்த நேரம்தான், களப்பில் வலை வீசுகிற நிக்கொலஸ் வேலிக் கடப்பில் நின்று கூப்பிட்டான். கையில் ஒரு பை. பைக்குள் சுட்டு முடிந்த பத்துத் தோட்டாக் கோதுகள். காணிக்கார ஹாஜியார் தந்துவிட்டதாகச் சொல்லிவிட்டு, தானே ஏதோ குற்றம் செய்தவன்போல மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றான். பன்றி நிலக்கடலையைக் கிண்டித் தின்கிறதாம். வழக்கம்போல கோதுகளில் வெடிமருந்து கட்டிக்கொண்டு நாளைக் காலையில் களப்புக்கரைக்கு வரட்டுமாம். வழக்கம்போல! முத்தலிபுவின் மகன் அர்கம், இதே லத்தீப் ஹாஜியாரின் வெடியைத் தொடையில் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிற பதினேழாவது நாளில், அந்த மனுஷனுக்கு வழக்கம் ஞாபகம் வந்திருக்கிறது. இதற்கெல்லாம் ஒரு முகம் வேண்டும்.

எத்தாளைக் கிராமத்தில் களப்புவரைக்கும் லத்தீப் ஹாஜியாரின் காணிதான். தென்னை, வெங்காயம், நிலக்கடலை. பயிர்க் காவலுக்கென்று அனுமதி பெற்ற ஒற்றைக்குழல் துவக்கு ஒன்றும் இருந்தது. முத்தலிபு அங்கே தண்ணீர் இறைக்கிற ஆள். குடிசையும் அந்தக் காணியின் ஓரத்தில்தான். தொண்ணூறில், சண்டைக் காலத்தில், மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லாரோடும் சேர்த்து உடுத்த துணியில் விரட்டப்பட்டு வந்தவர். இருபத்துமூன்று வருசம் போய், சண்டையும் முடிந்து, பிள்ளை பிறந்து மீசை முளைத்த பிறகும் ஊருக்கு அவர் ‘அகதி முத்தலிபு’தான். அதை அவர் பெரிதாக எடுப்பதில்லை, எடுத்து என்ன செய்வது.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் இந்தத் தோட்டா கட்டுவது. கூலி கேட்டதே இல்லை, செய்யக் கிடைத்தால் போதும். வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் கோதின் உள்ளே பிடித்த கரியைத் தும்பால் துடைத்து, நிக்கொலஸ் கொண்டுவந்து தருகிற கிழிந்த வலைகளின் ஈயக்குண்டுகளை வெட்டி, இரண்டு பலகைக்கு நடுவில் உருட்டிச் சன்னம் செய்வார். கடையில் விற்கிற சன்னம் முழு உருண்டை. முத்தலிபுவின் சன்னம் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். மருந்தில் அவரிடம் இரண்டு சாதி. ஹாஜியாரின் அனுமதிச் சீட்டுக்குக் கிடைக்கிற கரிமருந்து ஒன்று: ஊரையே புகை மூடும், தோளை மெதுவாகத் தள்ளும், பிழை விட்டாலும் பொறுத்துக்கொள்ளும். மற்றது ஊர்காவல் படையிலிருந்த தன் மாமன் விட்டுப்போனதென்று நிக்கொலஸ் கொடுத்த வெள்ளை மருந்து. புகை குறைவு, கோபம் கூட. எதற்கு எது பொருந்தும் என்று தனக்குள் வாதாடுவதில் அவருக்கு ஒரு பொழுது போய்விடும். கரிமருந்துக்கு அளவு ஒரு அத்தர் போத்தல் மூடி. வெள்ளைக்கு அவ்வளவு ஆகாது, அந்த மூடியைத் தொடவே கூடாது. மன்னாரில் ஒருவன் மருந்து என்றால் எல்லாம் மருந்துதானே என்று அதே மூடியால் இதையும் நிரப்பினான். குழல் இலவங்காய் மாதிரி வெடித்து விரிந்தது. அவனுடைய பெண்சாதி மணலில் குந்தியிருந்து பல் பொறுக்கியதை முத்தலிபு தன் கண்ணால் பார்த்திருக்கிறார்.

அர்கமுக்கு நடந்தது பொழுது சாய்கிற மஹ்ரிபு நேரம். படகு பழுதுபார்க்கிற வேலை முடித்து, சுற்றிப் போகச் சோம்பல்பட்டு, தென்னந்தோட்டத்துக்குள்ளால் குறுக்கே வந்தான். வெடி விழுந்தது. விழுந்தவன் கத்தினான், “வாப்பா” என்று கத்தினான், எந்தப் பன்றியும் வாப்பாவைக் கூப்பிடாது. ஹாஜியார் கிட்டே வரவேயில்லை. பிள்ளை வேலிவரை தவழ்ந்து வந்தான். மறுநாள் காலையில் அந்தத் தடத்தில் எறும்பு மொய்த்துக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் டொக்டர் ஒரு தட்டில் பதினொரு சன்னத்தைப் போட்டுக் காட்டினார். ஒவ்வொன்றும் ஒரு பக்கம் தட்டை. முத்தலிபு ஒன்றை எடுத்து விரலுக்கிடையில் உருட்டிப் பார்த்தார்.

பிறகு பள்ளிவாசலில் கூடிக் கதைத்தார்கள். பெரியவர்கள் எல்லாரும் சபூர், சபூர் என்றார்கள், பொறுத்துக்கொள் என்று. ஹாஜியார் எழும்பிச் சொன்னது இவ்வளவுதான்:

“பண்டி எண்டுதான் வெச்சேன். அகதிப் பொடியனுக்கு எங்கட காணிக்குள்ள என்ன வேல?”

குடிசை அந்தக் காணியில் நிற்கிறது. அதனால் பொலிஸில், யாரோ பன்றிக்குக் கட்டிவைத்த கட்டுத்துவக்கின் கம்பியைப் பிள்ளை மிதித்துவிட்டான் என்று எழுதிய தாளில் முத்தலிபு கையெழுத்து வைத்தார். நரம்பு அறுந்த கால் இனிமேல் இழுபட்டுத்தான் நடக்கும் என்று டொக்டர் சொன்னது அதற்கு அடுத்த நாள். அன்றிலிருந்து முத்தலிபுவின் மனதுக்குள் ஹாஜியார் ‘அவர்’ இல்லை, ‘அவன்’.

நிக்கொலஸ் போனதும் பெண்சாதி மர்ளியா பையை எட்டிப் பார்த்தாள்.

“இதத் தூக்கி அவண்ட மூஞ்சில எறிஞ்சிட்டு வாங்க.”

“கட்டிக் குடுக்கிறன்” என்றார் முத்தலிபு.

நீங்களும் ஒரு ஆம்பிளையா என்று மர்ளியா கேட்கவில்லை. அதைவிட மோசமாக, புருஷன் இன்னும் தொடாத சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

ஒன்பது தோட்டாவைக் கரிமருந்தில் கட்டினார். கை தானாகவே வேலை செய்தது. பத்தாவதை எடுத்தபோது கை வெள்ளை டின்னுக்குப் போனது, அவரும் தடுக்கவில்லை. மூடியை முட்ட நிரப்பினார். கோதுக்குள் கொட்டும்போது அந்த மனுஷனின் தாடையும் கண்ணும் இருக்கிற இடத்தை நினைத்துக்கொண்டார், உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகத்தான் இருந்தது. சன்னத்தைப் போட்டு, அட்டையை வைத்து, மெழுகை ஊற்றி மூடினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பத்தையும் பைக்குள் போட்டுக் குலுக்கினார். எது எப்போது வெளியே வரும் என்பது இனிப் படைத்தவனின் எழுத்து, தனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொண்டார். நல்ல கதை! படைத்தவனா வந்து அந்த மூடியை நிரப்பினான்?

காலையில் களப்பில் காற்றே இல்லை. ஹாஜியார் கரையில் பிரம்போடும் துவக்கோடும் நின்றார். பையை வாங்கி, ஒரு தோட்டாவை எடுத்து மெழுகை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு முத்தலிபுவின் முகத்தைப் பார்த்தார். எத்தனையோ வருசமாகக் கட்டிக் கொடுத்திருக்கிறார், ஹாஜியார் ஒரு நாளும் இந்தப் பார்வை பார்த்ததில்லை.

“மொத வெடிய நீயே வை” என்று அந்தத் தோட்டாவையும் துவக்கையும் நீட்டினார்.

மாட்டேன் என்றால் அங்கேயே விளங்கிவிடும். துவக்கை மடித்துத் தோட்டாவைச் செருகி, தோளில் வைத்துக் கன்னத்தைக் கட்டையில் சாய்த்தார் முத்தலிபு. வாய்க்குள் நாக்கால் பற்களைத் தடவிப் பார்த்தார். கலிமா பாதியில் மறந்துபோனது. விரலை இழுத்தார். தோளில் பழகின தள்ளல். திரண்ட புகை தண்ணீர்மேல் உருண்டு போனது. கரிமருந்து.

ஹாஜியார் சிரித்தார். சந்தேகம் தீர்ந்த சிரிப்பு. நொண்டினாலும் பரவாயில்லை, பொடியனை கடலை கொத்துகிற காகம் விரட்டவாவது காணியில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு பகடியும் விட்டுக்கொண்டு துவக்குக்குக் கை நீட்டினார். முத்தலிபுவின் வெறுப்பில் ஒரு துளி குறையவில்லை. இவன் சாகட்டும் என்றுதான் இப்போதும் இருந்தது. ஆனால் அந்தக் கட்டையில் கன்னம் வைத்திருந்த நேரம் கன்னத்தைவிட்டுப் போகவில்லை. மணலில் குந்தியிருந்த அந்தப் பெண்சாதியும் போகவில்லை. பையில் எது அந்தத் தோட்டா என்று அவருக்கே தெரியாது. பையைப் பிடுங்கிக் களப்பில் கொட்டிவிட்டால் காரணம் சொல்லவேண்டும். காரணம் சொன்னால் பொலிஸ் பிடித்து மறியலில் போடும். மர்ளியாவும் கால் இழுக்கிற பிள்ளையும் எந்த வேலி ஓரத்தில் நிற்பார்கள்?

“ஒண்டு காணாது ஹாஜியார். மருந்து ஈரம்போலக் கிடக்கு, இன்னொண்டு பாக்கோணும்” என்று பையை அவர் கையிலிருந்து எடுத்தார்.

இரண்டாவது கரிமருந்து. மூன்றாவதை அவர் கேட்காமலே செருகினார். நான்காவதில் ஹாஜியாருக்குச் சிரிப்பு அடங்கி, என்ன விளையாட்டு இது, யாருடைய மருந்தை எரிக்கிறாய் என்று சத்தம் போடத் தொடங்கினார். ஐந்தாவது வெடித்ததும் பிரம்பு முத்தலிபுவின் முதுகில் விழுந்தது. இன்னொரு அடி காதோடு சேர்த்துக் கிழித்தது. இரத்தம் கழுத்தால் இறங்கிச் சட்டைக்குள் போனது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒவ்வொரு முறையும் கன்னத்தைச் சாய்க்கும்போது பயம் புதிதாகவே வந்தது. பழகும் என்று நினைத்தார், பழகவில்லை. ஆறாவதும் புகைதான். ஹாஜியார் பாய்ந்து குழலைப் பிடித்து, சூட்டில் கையை உதறிக்கொண்டு கெட்ட வார்த்தையால் ஏசினார்.

முத்தலிபு மிச்ச நாலையும் உடுத்திருந்த சாரத்து மடியில் கட்டிக்கொண்டு துவக்கோடு களப்புக்குள் இறங்கினார். முழங்கால் தண்ணீர். ஹாஜியாரும் விடவில்லை, செருப்போடு பின்னால் இறங்கி வந்தார்.

“கிட்ட வராதீங்க” என்றார் முத்தலிபு. “தூரப் போய் நில்லுங்க ஹாஜியார்.”

ஓங்கின பிரம்பு மேலேயே நின்றது. ஹாஜியார் முத்தலிபுவின் முகத்தைப் பார்த்தார், பிறகு மடியைப் பார்த்தார், பிறகு கையிலிருந்த துவக்கைப் பார்த்தார். தாடையில் கையை வைத்துத் தடவினார். தண்ணீரைக் கலக்காமல் ஒரு அடி பின்னுக்கு வைத்தார், இன்னொரு அடி வைத்தார், கரையில் ஏறியும் பின்பக்கமாகவே நடந்தார்.

காற்றில்லாததால் ஆறு வெடியின் புகையும் களப்பின்மேல் படுத்துக் கிடந்தது. மிச்சத்தைத் தண்ணீரில் கொட்டினால் இப்போது யாரும் தடுக்கமாட்டார்கள், ஆனால் அந்த மூடியை நிரப்பியது அவருடைய கை. முத்தலிபு மடியைத் தடவி ஏழாவதை எடுத்துச் செருகி, துவக்கை மூடி, இரத்தம் காய்ந்துகொண்டிருந்த பக்கத்துக் கன்னத்தைக் கட்டையில் வைத்தார்.