அவிழ்க்கச் சொன்னது யார்?

ஒரு தாளில் கையெழுத்து வாங்குவதற்காக மாசானத்துக்குக் கார் அனுப்பியிருந்தார்கள். ஐம்பத்திரண்டு வயதில் அவரைத் தேடிக் கார் வந்தது அதுதான் முதல் தடவை. ஏறி உட்காரும்போதே அவருக்கு மனசு சரியில்லை.

தூத்துக்குடியில் ஒரு ஓட்டலின் மாடியறை. நீள மேஜைக்கு ஒரு பக்கம் சென்னை விமானக் கம்பெனியின் வக்கீலும் அவர்களுடைய பைலட் ஷாமும் இருந்தார்கள். எதிரே லிங்கராஜ். வாகைக்குளம் விமான நிலையத்துக்கு வரும் தனியார் விமானங்களைத் தள்ளி நிறுத்தவும் காற்றில் சாயாமல் கயிறு போட்டுக் கட்டவும் ஆள் விடுகிற காண்டிராக்டர். மாசானம் அவரிடம்தான் வேலை பார்க்கிறார். நடுவில் ஈவாஞ்சலின், நாசரேத்துக்காரி. கோர்ட்டுக்குப் போகாமல் பேசித் தீர்த்துக்கொள்ள இரண்டு கம்பெனியும் சேர்ந்து வைத்த சமரச வக்கீல்.

விவகாரம் இதுதான். ஆடி மாதம், ஆறு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்று நின்ற இடத்திலேயே காற்றில் சாய்ந்து, இறக்கை தரையில் உரசி நசுங்கிவிட்டது. நீதான் பொறுப்பு, இல்லை நீதான் பொறுப்பு என்று இரண்டு கம்பெனியும் ஐந்து மாதமாகக் கடிதம் எழுதியே அடித்துக்கொண்டன. இன்று காலையில்தான் ஒத்துப் போனார்கள். கூலியாள் யாரையும் கேட்காமல் செய்த தவறு என்று எழுதிவிட்டால் இன்சூரன்ஸ்காரன் கொடுத்துவிடுவான், இரண்டு பேருக்கும் கைநட்டமில்லை. கூலியாளின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"சும்மா ஒரு பார்மாலிட்டி, வே," என்று லிங்கராஜ் தாளை நகர்த்தினார். "கீழ போட்டுட்டு, பிரியாணி சொல்லிருக்கு, சாப்பிட்டுட்டுப் போவும்."

மாசானம் கண்ணாடியை மாட்டினார்.

"நான் வாசிச்சுக் காட்டட்டுமா?" என்றார் சென்னை வக்கீல்.

"வேண்டாம் சார். மெதுவாத்தான் படிப்பேன். ஆனா படிச்சிருவேன்."

நாற்பத்தாறு வயது வரை கைநாட்டு. துறைமுகத்தில் கப்பல் கயிறு கட்டிய இருபது வருஷமும் யார் எந்தத் தாளை நீட்டினாலும் பெருவிரலை நீட்டியவர். இப்போது எழுத்துக் கூட்டுவார். வரிக்கு அடியில் விரல் நகர்ந்தது, கூடவே உதடும் நகர்ந்தது. சென்னை வக்கீல் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்.

"மூணாவது பத்தியில, எவருடைய உத்தரவும் இன்றி நானே கயிறுகளை அவிழ்த்தேன்னு இருக்கு. அஞ்சாவதுல, கேட் பாஸை ஒப்படைச்சிருதேன், இனிமே எந்த விமான நிலையத்திலயும் வேலை பாக்க மாட்டேன்னு இருக்கு. இதுதான் பார்மாலிட்டியா அண்ணாச்சி?"

"உம்மத் தெருவுலயா விடப்போறேன்? வேம்பாருல நம்ம உப்பளத்துல வாச்மேனாப் போட்டுருதேன்."

"உப்பு எங்க எந்திச்சு ஓடிறப் போவுது, நான் காவல் காக்க?"

ஈவாஞ்சலின் குனிந்து சிரிப்பை மறைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "ஐயா, கயித்த அவிழ்த்தது நீங்கதான?"

"நான்தாம்மா. கட்டுனதும் நான்தான். அவிழ்க்கச் சொன்னது யாருன்னு கேளுங்க." மாசானம் தாளைக் கவிழ்த்து வைத்தார். "துறைமுகத்துல கையக் காட்டுனா நாங்க கயித்தத் தொடமாட்டோம். கொசு ஓட்டுன கையா இருந்தா என்ன செய்ய? கயிறு தெறிச்சா ஆளு காலு போயிரும். சொல்லுதவன் வாயத் தொறந்து 'ஆரியா'ன்னு கத்தணும். விடுன்னு அர்த்தம். நாங்க திருப்பிக் கத்துவோம். அதுக்கப்புறந்தான் அவிழ்ப்போம்."

விமான நிலையத்துக்கு வந்தும் அந்தப் பழக்கத்தை அவர் விடவில்லை. அதைச் சொல்லிக் கேலி செய்யாத ஆளே அங்கே கிடையாது. விமானம் சாய்ந்த அன்றைக்கும் ஷாம் கட்டைவிரலைத்தான் காட்டினான். மாசானம் அசையவில்லை. விரல் மூன்று தடவை ஆடியது. தீயணைப்பு வண்டிக்காரர்கள் கைதட்டி உசுப்பேற்ற, கடைசியில் ஷாம் இரண்டு கையையும் வாயருகே குவித்து 'ஆரியா' என்று கத்தினான். விமானத்தில் ஏற வேண்டிய பெரிய மனிதர் அப்போது கல்யாண வீட்டிலிருந்தே கிளம்பியிருக்கவில்லை.

"காத்து ஏறுது, திரும்பக் கட்டிருதேன்னு ரெண்டு தடவ கேட்டேன். அஞ்சு நிமிசம்னு சொன்னீங்க தம்பி. முக்கா மணி நேரம் ஆச்சு."

"இதெல்லாம் ரெக்கார்டுல இல்லை," என்றார் சென்னை வக்கீல்.

மாசானம் எழுந்து நின்றார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, "ஆ...ரியா!" என்று ஒரு கத்துக் கத்தினார். பிரியாணி கொண்டுவந்தவர் கதவைத் திறந்து பயந்துபோய்ப் பார்த்தார். ஷாமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேகத்திலேயே அது போய், முகம் வெளுத்தது.

"கேப்டன், நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்," என்றார் சென்னை வக்கீல் ஷாமிடம்.

"சொல்ல வேண்டாம். மூஞ்சியே சொல்லிட்டுது," என்றார் மாசானம். "வக்கீலம்மா, ஒரு வெள்ளத் தாளு குடுங்க."

இருபது நிமிஷம் எழுதினார். கயிற்றைக் கட்டியது நான். அவிழ்த்தது நான். அவிழ்க்கச் சொன்னது பைலட். திரும்பக் கட்ட வேண்டாம் என்றதும் பைலட். கீழே மாசானம் என்று பெரிதாகப் போட்டார்.

ஈவாஞ்சலின் அதைச் சத்தமாக வாசித்தார். "ரெண்டு தரப்பும் ஏத்துக்கிட்டாத்தான் ஐயா இத ஒப்பந்தத்துல சேக்க முடியும்."

"ஏத்துக்க முடியாது," என்றார் சென்னை வக்கீல்.

"அப்போ சேக்காதீங்க. அந்தத் தாளுல என் பேரும் சேராது."

ஈவாஞ்சலின் இரண்டு பக்கமும் பார்த்தார். "இவ்வளவும் கேட்ட பெறகு, காலையில எழுதுனத நான் கையால தொடமாட்டேன். முதல்ல இருந்து பேசணும். இவரை நடுவுல வைக்காம, நீங்க ரெண்டு பேரும் பேசணும்."

லிங்கராஜ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். மரியாதைக்குச் சொன்ன 'வே' எல்லாம் போய்விட்டது. "ஏலே, நாளைக்குக் கேட்டுக்குள்ள நீ எப்படி வாரேன்னு பாக்குதேன். பாஸைக் கழட்டுலே!"

மாசானம் கழுத்தில் தொங்கிய பாஸைச் சட்டைக்குள் விட்டுப் பொத்தானை மாட்டினார்.

"இது மார்ச் முப்பத்தொண்ணு வரைக்கும் செல்லும் அண்ணாச்சி. அதுக்கு முன்ன வேணும்னா எழுத்துல கேளுங்க. நான் என்ன தப்புச் செஞ்சேன்னும் அதுலயே எழுதுங்க. கீழ உங்க கையெழுத்து இருக்கணும்."

வந்த காருக்கு அவர் காத்திருக்கவில்லை. பஸ் ஏறினார். மறுநாள் காலை ஆறரைக்கு வாகைக்குளம் கேட்டில் முதல் ஆளாக நின்றார். லிங்கராஜிடமிருந்து தாள் எதுவும் வந்திருக்கவில்லை.