சட்டை போட்ட தலையணை

லிஃப்ட் மெக்கானிக்கின் மகள் பயிற்சிக்காகக் கட்டி வைத்திருந்த தலையணைக்கு, மூன்றாவது வகுப்பு நடந்த காலையில் நாடித்துடிப்பு வந்தது. அவள் நர்சிங் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தாள். நோய் பரவியதும் கல்லூரியைப் பூட்டி, பயிற்சிக்கூடத்து ரப்பர் பொம்மைகளை அலமாரியில் அடைத்துவிட்டார்கள்; ஒரே பொம்மையின் நெஞ்சில் வகுப்பு முழுக்கக் கை வைப்பது ஆபத்தாம். அதனால் நின்றுபோன இதயத்தை அமுக்கி ஓட வைக்கும் பாடத்தை ஆசிரியை செல்போன் திரையிலேயே நடத்தினார். ஆளுக்கொரு கெட்டித் தலையணை, அதற்கு முன்பக்கம் பொத்தான் வைத்த ஒரு சட்டை, தலைக்கு ஒரு பந்து. பந்து இல்லாதவர்கள் முட்டைக்கோஸ் வைத்துக்கொள்ளலாம். வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுப்பது இப்போது கிடையாது, முகத்தைத் துணியால் மூடிவிட்டு நெஞ்சை மட்டும் அமுக்க வேண்டும். இரண்டு நிமிடத்துக்கொரு முறை ஆள் மாறலாம், வேலை நிற்கக் கூடாது. பிள்ளைகள் பயந்துகொண்டுதான் கற்றார்கள். மூன்றாம் ஆண்டுக்காரர்களை ஏற்கெனவே வார்டுகளுக்கு அனுப்பியாகிவிட்டது, அடுத்தது தாங்கள்தான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அந்த வீட்டில் முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை அப்பாவுடையது மட்டும்தான் இருந்தது, பையில் கிரீஸ் கறை படிந்த வேலைச் சட்டை. அதைப் போட்டுக்கொண்டுதான் அவர் பெரிய ஆஸ்பத்திரியின் லிஃப்டைச் சரிசெய்யப் போயிருந்தார். நோயாளிகளை நான்கு மாடி தூக்கிக்கொண்டு ஏறுகிறார்கள் என்று அழைப்பு வந்தது. போகாதே என்று மனைவி வாசலை மறித்து நின்றாள். அவர் பக்கவாட்டில் நுழைந்து போய்விட்டார். திரும்பி வந்தவரோடு அவள் பேசவில்லை, சட்டையைத் துவைக்கவும் இல்லை. அவருக்கும் நோய் தொற்றி ஆம்புலன்ஸில் ஏற்றியபோதும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து, "உங்கம்மா பக்கத்துல இருக்காளா?" என்று அவர் கேட்கும்போதெல்லாம், இல்லை என்று சொல்லச் சொல்லி மகளுக்குச் சைகை காட்டினாள். பிறகு அவர் தொண்டையில் குழாய் செருகிவிட்டார்கள். போன் நின்றுபோனது. அன்றிலிருந்து அவள் முகக்கவசம் தைத்துக் குவித்தாள். தையல் மெஷின் சத்தம் நின்றால் அழுகை வந்துவிடும் என்று மகளுக்குத் தெரியும்.

தலையணையைத் துணி வெட்டும் பலகைமேல் கிடத்தி, அப்பாவின் ஹெல்மெட்டைத் தலையாக வைத்து, பாடத்தில் சொன்னபடி காலர் ஓரம் இரண்டு விரலை அழுத்திய மகள், "நாடி துடிக்குது மேடம்," என்றாள். திரையில் மற்றவர்கள் சிரித்தார்கள். ஆசிரியை சிரிக்கவில்லை. அந்த மாதங்களில் அவர் பார்த்ததில் இது ஒன்றும் பெரிதில்லை.

"யார் சட்டை அது?"

"அப்பாவோடது மேடம். ஐசியூல இருக்காரு."

"துடிப்பு எப்படி இருக்கு?"

"விட்டு விட்டு வருது மேடம். எனக்கு பயமா இருக்கு."

"பயப்பட்டுக்கோ, விரலை மட்டும் எடுக்காதே. துடிப்பு இருக்கறவரைக்கும் அமுக்கக் கூடாது. நின்னா உடனே அமுக்கணும். பாடமே அவ்வளவுதான்."

அம்மா எழுந்து வந்து, பைத்தியமா உனக்கு என்று கேட்டுக்கொண்டே மகளின் விரலைத் தள்ளிவிட்டுத் தன் விரலை வைத்தாள். அவள் விரலுக்குக் கீழேயே துடிப்பு இருமுறை தடுக்கி நின்றுவிட்டது. மகள் ஹெல்மெட்டின் முன்பக்கத்தைத் துண்டால் மூடி, உள்ளங்கையின் அடிப்பாகத்தைச் சட்டையின் நடுவில் ஊன்றி அமுக்கத் தொடங்கினாள். பஞ்சுதானே என்று நினைத்த இடத்தில் விலா எலும்பு தட்டுப்பட்டது. அதில் ஒன்று முறிந்த சத்தம் திரையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. அம்மா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

அம்மாவின் முறை வந்தபோது அவள் அமுக்கினாள், ஆனால் கையைத் தளர்த்தவில்லை. முழு உடம்போடும் சாய்ந்து, சட்டையைப் பிடித்தபடி அப்படியே கிடந்தாள்.

"அமுக்கறது பாதி வேலைதாம்மா. முழுசா விடுங்க. நெஞ்சு மேல எழும்பினாத்தான் உள்ள ரத்தம் வந்து நிரம்பும்," என்றார் ஆசிரியை.

"விட்டா போயிடுவாரு மேடம்."

"விடாட்டித்தான் போயிடுவாரு."

அவள் விட்டாள். திரும்ப அமுக்கினாள், திரும்ப விட்டாள். எண்ண வரவில்லை, பதிலுக்கு இத்தனை நாள் அடக்கி வைத்தது வந்தது. "சொன்னா கேக்கணும், சொன்னா கேக்கணும், ஊருக்கெல்லாம் நல்லவரு, சொன்னா கேக்கணும்." ஆசிரியை சற்று நேரம் கவனித்துவிட்டு, வேகம் கச்சிதமாக இருக்கிறது, எண்ண வேண்டாம், அதையே சொல்லுங்கள் என்றார்.

இரண்டு பேர் எவ்வளவு நேரம் தாங்குவார்கள்? மகளின் தோள் மரத்துப்போனது, அம்மாவின் மணிக்கட்டு வீங்கியது. நோய் வந்த வீடு என்று அந்த வாசலில் தகரம் அடித்திருந்தது. தெருவில் எல்லா ஜன்னல்களும் சாத்தியிருந்தன. திரையில் கட்டங்கள் ஒவ்வொன்றாக இருண்டன. பயந்து ஓடிவிட்டார்கள் என்று மகள் நினைத்தாள். ஆனால் பக்கத்துத் தெருக்களில் இருந்தவர்கள் சைக்கிளை எடுத்திருந்தார்கள். தடுப்பில் நின்ற போலீஸ்காரர் எங்கே என்று கேட்டதற்கு, ஒரு தலையணைக்கு இதயம் நின்றுவிட்டது என்றார்கள். அவர் அவர்களை ஏற இறங்கப் பார்த்து, "மாஸ்க்கை மூக்குக்கு மேல இழுத்து விடுங்க," என்று சொல்லிவிட்டு வழிவிட்டார்.

வெயிலில் மழைக்கோட்டும் கையில் பிளாஸ்டிக் உறையுமாக அவர்கள் வந்தார்கள். அமுக்குவதை நிறுத்தாமலேயே அம்மாவும் மகளும் பலகையை வாசல்வரை இழுத்து வந்தார்கள், தகரம் பிரிக்கப்பட்டது. பால் வாங்குகிறவர்களுக்காகத் தெருவில் வரைந்திருந்த வட்டங்களில் ஆளுக்கொன்றாக நின்று, முறை வந்ததும் மண்டியிட்டார்கள். ஒருத்திக்குப் பல் கிட்டித்தது, ஒருவன் அமுக்கிக்கொண்டே அழுதான். நோயாளி உடுத்திய, துவைக்காத சட்டை அது. ஆனாலும் கை நிற்கவில்லை. எல்லோரும் ஒரே தாளத்தில் "சொன்னா கேக்கணும்" என்றார்கள். கடைசியில் எதிர்வீட்டு வங்கிக்காரர், ஆம்புலன்ஸ் வந்த நாளிலிருந்து சாத்தியிருந்த கதவைத் திறந்து, எங்கே கை வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வட்டத்தில் வந்து நின்றார். அவர் முறை வருவதற்குள் அம்மாவின் விரலுக்குக் கீழே துடிப்பு திரும்பியது. பிறகும் யாரும் போகவில்லை. விழுந்துவிடுமோ என்று தூக்கிப் பிடித்த பாத்திரத்தைப் பார்ப்பதுபோல் அந்தச் சட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஒரே நேரத்தில் இவருக்கும் இன்னொருவருக்கும் இதயம் நின்றதாகவும், இருந்த ஆட்கள் அடுத்த கட்டிலுக்கு ஓடியதாகவும், திரும்பிப் பார்த்தபோது இவர் நெஞ்சு யாரும் தொடாமலேயே அமுங்கி அமுங்கி எழும்பிக்கொண்டிருந்ததாகவும் களைத்த குரலில் டாக்டர் சொன்னார். தலையணை எதுவும் இருந்ததா என்று அவர் கேட்கவில்லை. அவருக்கு அடுத்த வேலை இருந்தது.

மெக்கானிக் பாதி ஆளாக வீடு திரும்பினார். விலா எலும்பு முறிந்திருந்தது, நெஞ்சு முழுக்கப் பல அளவில் உள்ளங்கைத் தடங்கள் கன்றியிருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில், விடாமல் நெடுநேரம் சாய்ந்து கிடந்த ஒரு கையின் தடம் மட்டும் ஆழமாக இருந்தது. அதை யாரும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. "லிஃப்ட் குழிக்குள்ள விழுந்துட்ட மாதிரி இருந்துச்சு. மேலேர்ந்து உங்கம்மா திட்டுறது கேட்டுச்சு. சரி, வீட்லதான் இருக்கேன்னு நினைச்சுட்டேன்," என்றார் மகளிடம். மனைவி அடுப்படியில் திரும்பி நின்றுகொண்டாள்.

மகள் வார்டுக்குப் போனாள், பயத்தோடே போனாள், பயத்தோடே பலரைத் திருப்பிக் கொண்டுவந்தாள். சிலரைக் கொண்டுவர முடியவில்லை. அந்தக் கல்லூரியில் படித்தவர்கள் இன்றும் நெஞ்சை அமுக்கும்போது எண்ணுவதில்லை, திட்டுகிறார்கள். தலையணையின் துடிப்பும் நிற்கவில்லை. சட்டையைக் கழற்றாமல் மர அலமாரியின் மேல் தட்டில் வைத்திருக்கிறார்கள். மெக்கானிக் வர நேரமானால் மனைவி அவருக்குப் போன் செய்வதில்லை. காலர் ஓரத்தில் இரண்டு விரலை வைப்பாள். துடிப்பு வேகமாக இருந்தால், எங்கோ லிஃப்ட் ஓடவில்லை, மனிதர் படியேறிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்துகொண்டு, அடுப்பைக் கொஞ்சம் தாமதமாகப் பற்றவைப்பாள்.