கூப்பிடு தூரத்தில் பசியில்லை

நிவாரண அமைப்பின் தலைவி இருக்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரம் வரை யாருக்கும் பசிக்காது. அவளுக்கு மட்டும் வேளை தவறாமல் பசிக்கும். பிறவியிலேயே வந்தது இது. அவள் வளர்ந்த தெருவில் ஓட்டல் வைத்தவர்கள் எல்லாரும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டுதான் போனார்கள். கல்யாணமாகிப் பெண் குழந்தை பிறந்தபோதுதான் இது விளையாட்டுச் சங்கதியில்லை என்று தெரிந்தது. குழந்தை அழவில்லை, பால் குடிக்கவில்லை, சிரித்துக்கொண்டே நாளுக்கு நாள் இளைத்தது. அவளுடைய அக்கா அதைத் தூக்கிக்கொண்டு நாலு தெரு தள்ளிப் போனதும் வீறிட்டு அழுது ஒரு புட்டிப் பாலையும் காலி செய்தது. அக்கா திரும்பி வந்து வாசலிலேயே நின்று சொன்னாள்: "நீ தள்ளியே இருடி. குழந்தை பொழைச்சுக்கட்டும்." கணவன் தடுக்கவில்லை, அவனும் பாதி ஆளாகியிருந்தான். பால் கட்டிய மார்போடு அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மகளோடு உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு அதன் பிறகு வேறு ஆசை இருந்ததில்லை.

நிவாரண அமைப்பு ஒன்று அவளை வேலைக்குச் சேர்த்துக்கொண்டது. போரோ வெள்ளமோ, முகாம்களில் அவளுக்கு ஏக மரியாதை. லாரி வரத் தாமதமானால் கூடாரங்களுக்கு நடுவே அவளை ஒரு நடை நடந்துவிட்டு வரச் சொல்வார்கள், அழுகை அடங்கிவிடும். வருடங்கள் ஓடின, பதவிகள் வந்தன. பிறகு ஒரு முகாமில், அவள்தான் இருக்கிறாளே என்று வந்த லாரிகளையும் வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். அங்கே யாரும் சாப்பாடு கேட்கவில்லை. ஒரு தாய் தன் கைக்குழந்தையைக் கொண்டுவந்து, "சமத்தா தூங்குதும்மா, அழவே இல்ல" என்று பெருமையோடு காட்டினாள். குழந்தை செத்துக் குளிர்ந்திருந்தது.

அன்றே அவள் முகாமை விட்டு வெளியேறினாள். முதுகுக்குப் பின்னால் கூடாரம் கூடாரமாகப் பசி திரும்பிற்று. தூரத்தில் எழுந்த அழுகையைக் கேட்டபடி சாலையில் உட்கார்ந்து அவளும் வாய்விட்டு அழுதாள். அதற்குப் பின் எந்த முகாமிலும் கால் வைக்கவில்லை. ஆள் நடமாட்டமில்லாத ஒரு கிடங்கின் மாடியில் மேசையும் தொலைபேசியும் போட்டுக்கொண்டு, மந்திரிகளையும் லாரி முதலாளிகளையும் உலுக்கி எடுத்தாள். "பசிக்குதுன்னு கத்துறாங்களா? நல்லது, உயிரோட இருக்காங்க. வண்டியை எடுங்க" என்பாள். வண்டிகள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. முகாமை எட்டிக்கூடப் பார்க்காத கல்நெஞ்சக்காரி என்று பத்திரிகைகள் எழுதின. அவற்றை விரித்து, அவற்றின்மேல் தட்டை வைத்துத் தனியாகச் சாப்பிட்டாள்.

ஓய்வு பெற்ற பிறகும் அவள் அங்கேயே இருந்தாள். ஒருநாள் மகள் அந்த மாடிக்கு ஏறி வந்தாள். அவளுக்கும் காதோரம் நரைத்திருந்தது. தானே ஒரு தட்டை எடுத்து வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"உனக்குத்தான் இங்க பசிக்காதேடி" என்றாள் தாய்.

"பசிக்கலதான். பசிச்சாதான் உங்ககூட உக்காரணுமா?"

மாத்திரை விழுங்குவதுபோல ஒவ்வொரு வாயாகச் சிரமப்பட்டு விழுங்கினாள். தாய் பார்த்துக்கொண்டே இருந்தாள். இப்போதும் ஞாயிறுதோறும் மகள் வருகிறாள், பசியில்லாமலேயே இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள்.