வலப்பக்கத்து நாற்காலி

கோடை தன் கொடுமையை முடித்துக்கொண்டது. கார் இன்னும் கால் வைக்கவில்லை. இரண்டு பருவங்களுக்கும் நடுவே, எதற்கும் உரிமையில்லாத சில நாட்கள் ஆண்டுதோறும் வருவதுண்டு. அந்நாட்களில் மேகங்கள் நிறைசூல் யானைகளைப் போலத் திரண்டு, வானத்தின் விளிம்பில் தலை தாழ்த்தி நின்று, யாரையோ எதிர்பார்த்துக் களைத்தவை போலக் கலைந்துபோகும். மின்னல் உண்டு, இடி இல்லை. மரங்கள் ஓர் இலையையும் அசைக்காமல் காத்து நிற்கும். மாந்தரும் பேச்சைக் குறைத்துக்கொள்வர். வேண்டுதல்கள்கூட உதட்டளவில் நின்றுவிடும். பெய்யுமா, பெய்யாதா என்று எவரும் எவரையும் கேட்பதில்லை. அப்படிப்பட்ட ஒரு நாளின் காலையில், மாவு மில்காரரின் மனைவி தன் மகளை அழைத்துக்கொண்டு, செவிலியர் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவமனைக்குப் புறப்பட்டாள்.

கடக்க வேண்டிய வாசல்களில் இதுவே கடைசி. மற்றவற்றையெல்லாம் மில்காரர் மனப்பாடமாக வைத்திருந்தார். இயந்திரப் பட்டையின் இரைச்சலுக்கு மேலே குரலை ஏற்றி, கோதுமையோடு வந்து நிற்பவர்களிடமெல்லாம் அவற்றை ஒப்பிப்பார்.

“பன்னெண்டாவதுல உயிரியல் எடுத்திருக்கணும், எடுத்தாச்சு. வேதியியல், இயற்பியல் இருக்கணும், இருக்கு. மூணுலயும் சேர்த்துப் பாதிக்கு மேல மார்க் வேணும், முக்காலுக்கு மேலயே இருக்கு. பதினேழு வயசு முடிஞ்சிருக்கணும். அது தானா முடிஞ்சுது, நாம ஒண்ணும் செய்யல!”

“அப்ப நாலு வருஷம் கழிச்சு ஊசி போட்டுக்க இங்கயே வந்துடலாம்னு சொல்லுங்க.”

“தாராளமா வாங்க. மாவுக்குத் தனி வரிசை, ஊசிக்குத் தனி வரிசை.”

உடற்தகுதிச் சான்று என்று ஒன்று மிச்சமிருப்பதை அவர் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. “கல்லாட்டம் இருக்கா என் பொண்ணு. அரவைக் கல்லுக்குப் போய் உடம்பு சரியா இருக்கான்னு பார்ப்பாங்களா?” என்று சிரிப்பார், சிரிக்கும்போது இமைகளிலிருந்து மாவு உதிரும்.

முன்பொரு நாள், மில்லில் வேலை செய்தவனுடைய விரல்களைப் பட்டை இழுத்துக்கொண்டது. பெரியவர்கள் கூச்சலிட்டு நின்றபோது, பள்ளிச் சீருடையில் இருந்த அந்தப் பெண் தன் துப்பட்டாவால் அவன் கையை இறுகச் சுற்றி, தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தபடி மருத்துவமனைவரை உடன் சென்றாள். அன்றிலிருந்து தெருவே அவளை நர்சம்மா என்று அழைத்தது. கேலியாகத் தொடங்கிய பெயர் அவளுக்குள் விரதமாகிவிட்டது. மாவு சலிக்கும்போது சல்லடையின் தாளத்துக்கு எலும்புகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே சலிப்பாள். வேறொன்றும் அவள் கேட்டதில்லை; வேறு எந்தப் படிப்புக்கும் விண்ணப்பிக்கவுமில்லை.

மில்லுக்குப் பின்கட்டில்தான் வீடு. முன்னே பட்டை ஓடும் ஓசை, உள்ளே தாயின் தையல் இயந்திரத்தின் ஓசை. அவ்வீட்டில் எவரும் மெதுவாகப் பேசி அறியார். குழந்தையாக இருந்தபோது அத்தனை அரவத்திலும் அவள் ஒருக்களித்துப் படுத்து அயர்ந்து உறங்குவாள். “வரம் வாங்கி வந்த குழந்தை” என்று பார்த்தவர் வியந்தனர். தாயும் அதை வரம் என்றே எண்ணித் தெய்வத்துக்கு நன்றி சொன்னாள்.

மருத்துவமனையின் நீண்ட தாழ்வாரத்தில் தாய் எப்போதும் போல மகளுக்கு வலப்பக்கமாக நடந்தாள். எடை பார்த்தார்கள், உயரம் பார்த்தார்கள். “எடையில பாதி நம்ம மில்லு மாவுதான்னு சொல்லிடவாம்மா?” என்று மகள் கிசுகிசுத்தாள். கண் பார்த்தார்கள், நிறங்களைப் பிரித்தறியச் சொன்னார்கள். ஒவ்வோர் அறையிலிருந்தும் வெளிவரும்போது அவள் முகத்தில், சுடர் தூண்டப்பட்டதுபோல் ஒளி கூடிக்கொண்டே வந்தது. கடைசி அறை காதுக்கானது.

அங்கிருந்த மருத்துவர் நடுவயதுப் பெண். ஒரு சொல்லையும் வீணாக்காதவர். மகளைத் தமக்கு முதுகு காட்டி நிற்கச் சொன்னார். அவள் திரும்பியதும், அமர்ந்திருந்த தாய் எழுந்து, தன் நாற்காலியை இழுத்து அவளுக்கு வலப்பக்கத்தில் சற்று முன்னே போட்டு உட்கார்ந்தாள்.

“என்னம்மா, நாற்காலியோடவே சுத்தி வர்றீங்க? பொண்ணு எங்கயும் ஓடிட மாட்டா” என்று உதவிக்கு நின்ற செவிலி சிரித்தாள். தாயும் வெட்கத்துடன் சிரித்தாள். ஏன் எழுந்தோம் என்று கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திராது.

“நான் பின்னாலேர்ந்து மெதுவா நம்பர் சொல்வேன். கேட்டதைத் திருப்பிச் சொல்லு, போதும்” என்றார் மருத்துவர்.

முதலில் இடக்காதைச் செவிலி விரலால் அடைத்துப் பிடித்தாள். எண்கள் மூச்சைப் போல வந்தன. ஒவ்வொன்றையும் மகள் தெளிவாகத் திருப்பிச் சொன்னாள். பிறகு வலக்காதை அடைத்தார்கள்.

“நாற்பத்தாறு.”

தாய்க்குக் கேட்டது. குழந்தைக்குச் சோறூட்டும்போது ஊட்டுகிறவளின் வாய் தானும் திறந்துகொள்வது போல, அவள் உதடுகள் ஓசையின்றி அசைந்தன.

“நாப்பத்தாறு” என்றாள் மகள்.

“எழுபத்திரண்டு.”

தாயின் உதடுகள் மீண்டும் அசைந்தன. “எழுபத்திரெண்டு.”

மருத்துவர் மூன்றாவது எண்ணைச் சொல்லவில்லை. முன்னால் நடந்து வந்து மகளின் கண்கள் செல்லும் திசையைப் பார்த்தார். அவை சென்று சேர்ந்த முகத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

“அம்மா, நீங்க கொஞ்சம் சுவரைப் பார்த்துத் திரும்பி உக்காருங்க.”

“நான் ஒண்ணும் சொல்லலீங்களே, டாக்டர்.”

“தெரியும்மா. வேணும்னு செய்யலன்னும் தெரியும். இருந்தாலும் திரும்பிக்கோங்க.”

தாய் திரும்பி உட்கார்ந்தாள். எதிரே வெள்ளைச் சுவர். ஆணி பிடுங்கிய ஒரு துளை. முதுகுக்குப் பின்னால் மருத்துவர் சொன்னார்: “பதினெட்டு.” அமைதி. “முப்பத்தொன்று.” அமைதி. சற்றே குரலை உயர்த்தி, “அறுபத்தைந்து.” அந்த அறையில் மூவருக்கு அது கேட்டது. தாய் கண்களை இறுக மூடிக்கொண்டு, தான் அறிந்த தெய்வங்களையெல்லாம் ஒரே மூச்சில் அழைத்தாள். மகள் எந்தப் பதற்றமும் இல்லாமல், மரியாதையான குரலில் சொன்னாள்:

“நான் ரெடிதான், டாக்டர். ஆரம்பிக்கலாம்.”

அப்போது வெளியே வானில் ஒரு மின்னல் போயிற்று. இடி வரவில்லை.

அதன்பின் கண்ணாடிச் சன்னல் வைத்த ஒரு சிறு அறைக்குள் அவளை உட்காரவைத்துக் கருவியாலும் சோதித்தார்கள். கருவி சொன்னதும் அதுவே. இடக்காதில் எதுவுமில்லை, வெகு நாட்களாகவே இல்லை.

“சின்ன வயசுல பெரிய காய்ச்சல் எதாவது?”

“கன்னம் ரெண்டும் வீங்கி ஒரு காய்ச்சல் வந்துதுங்க. அப்பதான் நடை பழகியிருந்தா. ஒரு வாரத்துல எழுந்து ஓட ஆரம்பிச்சுட்டா. நல்லாயிட்டான்னுதான்…”

மருத்துவர் மகளிடம் கேட்டார். “உனக்குத் தெரியவே இல்லையாம்மா? போனை எந்தக் காதுல வச்சுப் பேசுவ?”

“வலதுலதான். இது பேசற காதுன்னு நெனச்சுட்டேன், டாக்டர். எழுதற கைன்னு ஒண்ணு இருக்குல்ல, அந்த மாதிரி. எல்லாருக்கும் ஒரு பக்கம் நல்லா கேக்கும், ஒரு பக்கம் சும்மா துணைக்கு இருக்கும்னு.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, சிரிக்க முயன்று சொன்னாள்: “காதோட படம் வரைஞ்சு முழு மார்க்கு வாங்கியிருக்கேன். அது என் காதுன்னு தோணல.”

எவரும் சிரிக்கவில்லை.

“ஸ்டெதஸ்கோப் வச்சுக் கேக்க ஒரு காது போதுமே, டாக்டர்?”

“ஸ்டெதஸ்கோப்புக்குப் போதும்.” மருத்துவர் பேனாவை மூடிவைத்தார். “ஆனா வார்டுல முப்பது படுக்கை இருக்கும்மா. எந்தப் பக்கத்துலேர்ந்து கூப்பிடறாங்கன்னு உனக்குத் தெரியணும். ரெண்டு காதும் கேக்கணும்னு இந்தக் கல்லூரியில விதி. வேற இடத்துல வேற மாதிரி இருக்கலாம். ஆனா இந்த வருஷத்துச் சேர்க்கை எல்லா இடத்துலயும் முடிஞ்சிருக்கும். மேல எழுதிக் கேளுங்க. நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா கேக்குதுன்னு என்னால எழுத முடியாது.”

“அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா சரியாயிருக்குமா?” என்றாள் தாய்.

மருத்துவர் தாயின் முகத்தை நேராகப் பார்த்தார். “திரும்பி வந்திருக்கும்னு சொல்ல மாட்டேன். ஆனா அவளுக்குத் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சு வளர்ந்திருப்பா.”

வெளியே வந்து படியிறங்கியதும் தாயின் கால்கள் தயங்கின. மகளுக்கு எந்தப் பக்கம் நடப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. சோற்றுக்கு உட்கார்ந்தால் வலப்பக்கம், பேருந்தில் வலப்பக்கம், தலை பின்னும்போது சொன்ன கதைகள் யாவும் வலத்தோளின் மேலாகச் சொன்னவை. உறங்கவைக்கப் பாடிய பழைய பக்திப் பாட்டும் அந்தப் பக்கமாகவே குனிந்து பாடியது. உடம்பு எப்போதோ அறிந்துகொண்டு, அறிவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இத்தனை காலம் தானே சமாளித்து வந்திருக்கிறது. அவ்வளவு அன்பாகச் சமாளித்ததால்தான் எவருக்கும் குறை தெரியவில்லை என்று நினைத்தபோது, அந்த அன்பின் மீதே அவளுக்கு அச்சம் வந்தது. அவள் மெல்ல மகளின் இடப்பக்கத்துக்கு மாறினாள்.

“வழக்கம்போல வாம்மா” என்றாள் மகள், திரும்பாமல். “அந்தப் பக்கம் வந்தா நீ இருக்கறதே எனக்குத் தெரியாது.”

மில்லில் பட்டை ஓடிக்கொண்டிருந்தது. வாசலின் இடப்புறம் நின்றிருந்த மில்காரர் இருவரையும் கண்டதும் கையைத் தட்டி, “என்ன நர்சம்மா! கல்லு பாஸா?” என்று கூவினார். மகள் நேரே பார்த்தபடி அவரைக் கடந்து உள்ளே போய்விட்டாள். இப்படி அவள் கடந்துபோகும்போதெல்லாம், “பாரேன், படிப்பு நெனப்புலயே போறா” என்று அவர் பெருமை கொள்வது வழக்கம். இன்றும் அதையே சொல்ல வாயெடுத்தார். மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

அவள் அருகே வந்து சொன்னாள். இரைச்சலில் முதலில் அவருக்குப் புரியவில்லை. மறுபடியும் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. வாழ்நாளில் எந்தச் சொல்லையும் உரக்கச் சொல்ல நேர்ந்ததற்காக அவள் இப்படி நொந்ததில்லை. அவர் போய் விசையை இழுத்தார். பட்டை தளர்ந்து, தள்ளாடி, நின்றது. மில்லின் மௌனம் ஒரு புதிய ஆளைப் போல வந்து நடுவில் நின்றுகொண்டது.

“என்னங்க, கரண்ட் போயிடுச்சா?” என்றார் பையுடன் நின்றவர்.

“இல்லீங்க. நாளைக்கு வாங்க.” மில்காரர் அவ்வளவு மெதுவாகப் பேசி அத்தெருவில் யாரும் கேட்டதில்லை.

வந்தவர் போனபின், மாவு படிந்த மூட்டையின் மேல் அமர்ந்தார். “நம்ம சத்தத்துலதான் போச்சோ?”

“இல்லையாம். அந்தக் காய்ச்சலாம்.”

“நான் இந்தப் பக்கம் நின்னுதான தினமும் கூப்பிட்டேன். ஒரு நாளாவது ஏன் திரும்பலன்னு கேட்டிருக்கலாமே.”

“நம்ம வீட்டுல யாருங்க மெதுவா பேசினோம், கண்டுபிடிக்க?”

அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். “சேதி கேட்டு நாளைக்கு எல்லாரும் வருவாங்களே. நானே ஊருக்கெல்லாம் ஒப்பிச்சு வச்சிருக்கேன்” என்றார்.

அந்தி சாய்ந்தது. மேகங்கள் கூடின, பெய்யவில்லை. உள்ளறையில் மகள் வலக்காதைத் தலையணையில் அழுத்தி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். சிறு வயதிலிருந்தே அவள் உறங்கும் முறை அது. உலகத்தை வெளியே நிறுத்தித் தாழிடும் முறையும் அதுதான் என்று தாய்க்கு இன்று விளங்கிற்று. உறங்குகிறாளா, அழுகிறாளா என்று முதுகு சொல்லவில்லை.

தாய் தையல் இயந்திரத்தின் அருகிலிருந்த நாற்காலியை ஓசைப்படாமல் தூக்கி வந்தாள். பழக்கத்தில் தலைமாட்டைச் சுற்றிக் கொண்டுபோகப் பார்த்து, நின்றாள். பிறகு அதை அங்கேயே விட்டுவிட்டுத் தரையில் மண்டியிட்டாள். விழி மூடிக் கைகூப்பினாள். கேட்பதற்கு அவளிடம் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. ஆகவே எதையும் கேட்கவில்லை. மகளின் இடக்காதின் மேல் கிடந்த கூந்தலை விலக்கி, குனிந்து, இத்தனை காலமும் அந்தப் பக்கம் ஒருமுறையும் பாடியிராத அந்தப் பழைய பாட்டை முதலடி முதல் கடையடி வரை, ஒரு சொல்லும் விடாமல், மூச்சுக்காற்றாகவே பாடி முடித்தாள். காதோரத்து மயிரிழை ஒன்று அந்தக் காற்றில் அசைந்து அடங்கியது.

“நல்லா இரும்மா” என்றாள் அந்தக் காதுக்குள். “எந்தப் பக்கத்துலேர்ந்து யாரு வலியோட கூப்பிட்டாலும் உனக்குக் கேக்கட்டும்.”