எவ்விபத்திலும் சிக்கியதன்று

‘வண்டி விற்பணைக்கு’ என்று எழுதியிருந்தது. மூன்று சுழி. இரண்டு சுழி போட வேண்டிய இடத்தில் மூன்று சுழி போட்டு, அதையும் காரின் பின்கண்ணாடியில் நட்டநடுவே, தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாரும் படிக்கும்படி ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தார் காரின் சொந்தக்காரரான பெயிண்டர்.

என் மகள் காரைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். நான் தாளை விட்டு நகரவில்லை. முப்பத்தாறு ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவனுக்குப் பிழையைக் கண்டால் கால் எழாது. தாளில் இருந்தது இவ்வளவுதான்:

‘வண்டி விற்பணைக்கு. பின் கதவு உல்லே இருந்து திரக்காது. ஏசி வராது. மலையில் கால் கிட்ட ஒலுகும். மத்தபடி நள்ள வண்டி.’

‘கிட்ட’, ‘மத்தபடி’ ஆகிய இரண்டையும் பேச்சு வழக்கென்று மன்னித்த பிறகும், ஐந்து வாக்கியங்களில் ஆறு பிழைகள்.

“மலையிலயா ஒழுகும்?” என்று கேட்டேன்.

“ஆமா சார், மழை பெஞ்சா ரெண்டு சொட்டு. ஒரு துணி போட்டா போதும்.”

“மலைன்னு எழுதியிருக்கீங்க.”

“மலைப்பக்கம் நான் போனதில்லீங்க. அங்க ஒழுகுமான்னு தெரியல.”

முழங்கை வரை சுண்ணாம்புத் துளி காய்ந்திருந்த அந்த மனிதர் என்னைக் கேலி செய்கிறாரா, வெள்ளந்தியாகப் பேசுகிறாரா என்பது எனக்கு விளங்கவில்லை. அவருடைய காரில் ஒரு கதவு மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. “ஊர் சுவரெல்லாம் அடிக்கறேன், இதுக்கு அடிக்கத்தான் நேரமில்ல” என்று என் மகளிடம் சொல்லிச் சிரித்தார்.

அன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை காலை என் மகள் வேலையில் சேர வேண்டும். அவள் இயன்முறை மருத்துவம் படித்தவள். பக்கவாதம் வந்தவர்களுக்கும் இடுப்பு எலும்பு முறிந்தவர்களுக்கும் வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுக்கும் வேலை. மடக்குக் கட்டிலையும் மின்தூண்டல் பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஒரு நாளைக்கு ஏழு வீடு ஏறி இறங்க வேண்டும். ‘சொந்தக் கார் இல்லையேல் பணி இல்லை’ என்று ஆணையிலேயே அச்சிட்டிருந்தார்கள். அவளுக்குப் பின்னால் வரிசையில் இன்னொருத்தி நிற்கிறாள் என்பதையும் தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். ஓட்டுநர் உரிமம் கைக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அவளுடைய சேமிப்புக்குள் அடங்கும் வண்டிகள் இந்தப் பகுதியில் இரண்டே இரண்டு. அவற்றுள் ஒன்று இது.

நான் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன். “கார் வாங்கப் போறீங்களா, திருத்தப் போறீங்களா? அந்தப் பேனாவ வெச்சுட்டுப் போங்க” என்று என் மனைவி காலையிலேயே சொல்லியிருந்தாள். வைத்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ‘விற்பணை’யில் ஒரு வட்டம், ‘உல்லே’யில் ஒரு வட்டம் என்று போட்டுக்கொண்டே வந்தேன். ‘நள்ள’வுக்கு வந்தபோது வாய்விட்டுச் சிரித்தும்விட்டேன்.

நான் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் பெயிண்டர் பின்னிருக்கையில் உட்கார்ந்து என் மகளுக்கு எதையோ காட்டிக்கொண்டிருந்தார். காதில் விழுந்தது, மனத்தில் ஏறவில்லை.

“தங்கச்சி, இத வாங்குங்க, வாங்காம போங்க. எங்க போனாலும் பின்சீட்டு பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க. முன்சீட்டுல புதுசு போட்டு ஏமாத்திடுவாங்க. பின்னாடி யாரு பாக்கப் போறான்னு விட்டுடுவாங்க. வெள்ளத்துல முங்கின வண்டின்னா அங்க சேறு நிக்கும். எங்கண்ணன் அப்படி ஒண்ண வாங்கி, ஏழாவது மாசம் நடு ரோட்டுல ஒயரு புகைஞ்சு நின்னுட்டான். பின்னாடி லாரி வந்துது. பொழச்சது பெரிசு.”

அவள் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

“கிளட்ச் லேசா இருக்குப்பா. எனக்குப் புடிச்சிருக்கு.”

“விற்பனைன்னு எழுதத் தெரியாதவர் எஞ்சின எப்படிப் பராமரிச்சிருப்பார்?” என்றேன். மெதுவாகச் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. கடைசி பெஞ்சு வரை கேட்கும் குரல் இது. பெயிண்டர் காரைப் பூட்டிவிட்டு வீட்டுக்குள் போனார்.

இரண்டாவது வண்டி நெடுஞ்சாலையோரத்தில், பழைய கார்களை வாங்கி விற்கும் கொட்டகையில் நின்றது. அதை நடத்துகிறவன் என் மாணவன். வகுப்பில் அவனுக்கு ‘ஒற்று’ என்று பெயர். வல்லினம் மிகும் இடம், மிகா இடம் ஒன்றையும் தவறவிடாத ஒரே பையன். கட்டுரை ஏட்டில் நான் சிவப்பு மை தொடாமல் திருப்பிக் கொடுத்தது அவனுக்கு மட்டும்தான்.

“ஐயா” என்று ஓடி வந்து நாற்காலி போட்டான். காரின் முன்கண்ணாடியில் வெள்ளை அட்டை ஒன்று நின்றது. படித்தேன்.

‘இவ்வூர்தி எவ்விபத்திலும் சிக்கியதன்று. ஒருவரே பயன்படுத்தியது. இருக்கை உறைகள் புதியவை. முழுமையாகச் சரிபார்க்கப்பட்டது.’

எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது என்பதை மறைத்துப் பயனில்லை. நாடு முழுவதும் ஒருமைக்கும் பன்மைக்கும் ‘அல்ல’ என்றே எழுதித் தள்ளும் காலத்தில், கார் விற்கிறவன் ஒருவன் ‘அன்று’ என்று எழுதுகிறான். ‘முழுமையாக’வுக்கும் ‘சரி’க்கும் நடுவே அந்த ‘ச்’ தவறாமல் நிற்கிறது.

“ஒருமைக்கு அன்று, பன்மைக்கு அல்ல. ஐயா சொல்லிக் குடுத்ததுதான், மறக்கல” என்றான் ஒற்று.

பெயிண்டரின் காருக்குச் சொன்ன அதே விலைதான். ஆனால் அதைவிட ஆறு வயது இளைய வண்டி. “இதையே முடிச்சுடலாம்மா” என்றேன்.

“ஏன் இவ்வளவு மலிவா குடுக்கறீங்க?”

அவள் கேட்டது அவனை. அவன் பதில் சொன்னது என்னிடம். “ஐயாவுக்கு நான் லாபம் பாப்பேனா? பொண்ணுக்கு நல்ல கலரு ஐயா. கண்ணாடியில பொட்டு வெச்சுக்கலாம், அவ்வளவு பளபளப்பு.”

“ஓட்டப் போறது நான்” என்றாள் என் மகள். “எஞ்சின் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?”

“கம்மிதான் ஐயா, ரொம்பக் கம்மி” என்றான் மறுபடியும் என் முகத்தைப் பார்த்து. நான் அப்போதே கோபப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. படிவத்தில் அவள் பெயரை எழுதிக்கொண்டிருந்தேன்.

அவள் பின்கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். காருக்குள் எலுமிச்சை வாசனைத் தைலம் மூக்கைத் துளைத்தது. பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள். இழுத்துக்கொண்டே இருந்தாள். கறுப்பாக வந்துகொண்டிருந்த பெல்ட்டின் கடைசி ஒரு சாண் காபி நிறத்தில் வந்தது. நிறம் மாறும் இடத்தில் கோடு போட்டதுபோல் காய்ந்த சேறு. உதறினாள், உள்ளங்கையில் பொடிமண் கொட்டியது. அந்தக் கையை அப்படியே நீட்டிக்கொண்டு வந்து, நான் எழுதிக்கொண்டிருந்த படிவத்தின் மேல் தட்டினாள்.

“இந்த வண்டி தண்ணியில முங்கினதா?”

ஒற்றின் முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை. “ஐயா, அட்டையப் படிச்சீங்கதானே? விபத்துன்னா மோதறது, உருள்றது. வெள்ளம் வந்து நின்னா அது விபத்தா? விபத்துல சிக்கல. அததான் எழுதியிருக்கேன்.”

“முழுமையாச் சரிபார்க்கப்பட்டதுன்னு எழுதியிருக்கியே, யார்டா பாத்தது?”

“செயப்பாட்டு வினை ஐயா. யாருன்னு சொல்லணும்னு கட்டாயம் இல்ல. அதுவும் நீங்க நடத்தினதுதான்.”

நான் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. இவள் இந்த வண்டியை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் போயிருப்பாள். ஏழாவது மாதமோ எட்டாவது மாதமோ, நோயாளியின் வீட்டிலிருந்து திரும்பும் வழியில் கம்பி புகைந்து வண்டி நின்றிருக்கும். பின்னால் லாரி வந்திருக்கும். அப்போதும் இவன் அந்த அட்டையை எடுத்து என் முன்னால் நீட்டியிருப்பான்.

“ஏமாத்துக்காரப் பயலே” என்றேன். இன்னும் சில சொன்னேன். எழுத்தில் வைக்கத் தகாதவை.

“சத்தம் போடாதீங்க ஐயா, கஸ்டமர் இருக்காங்க” என்றான் அவன், குரலை உயர்த்தாமலே. “நான் எழுதினதுல ஒரு பிழை காட்டுங்க. ஒண்ணே ஒண்ணு. வண்டிய சும்மா குடுத்துடறேன்.”

அட்டையை மறுபடி படித்தேன். சொல்லுக்குச் சொல் படித்தேன். பிழை இல்லை. அந்த நான்கு வாக்கியங்களிலும் ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. அவற்றை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்.

“வாங்கப்பா” என்று என் கையைப் பிடித்து இழுத்தாள் என் மகள்.

பேருந்தில் நான் பொருமிக்கொண்டே வந்தேன். காவல் நிலையம், நுகர்வோர் மன்றம், பத்திரிகைக்குக் கடிதம் என்று அடுக்கினேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். இறங்கும் நேரத்தில் சொன்னாள்: “நீங்க அவருக்கு மார்க் போட்டுட்டிருந்தப்பதான் அந்தப் பெயிண்டர் அண்ணன் பெல்ட்ட பத்திச் சொன்னார். காதுல விழலியா?”

இறங்கி, அவளுக்குப் பின்னால் பெயிண்டர் வீட்டுத் தெருவுக்கு நடந்தேன்.

பெயிண்டர் வீட்டு வாசலில் கார் நின்றது. பின்கண்ணாடியில் தாள் இல்லை. பசை ஒட்டிய நான்கு மூலைகள் மட்டும் இருந்தன. என் மகள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். “வித்துட்டாரு போல” என்றாள். அந்தக் குரலை அவளுடைய பத்து வயதுக்குப் பிறகு நான் கேட்டதில்லை.

தூரிகையைக் கழுவிக்கொண்டே பெயிண்டர் வெளியே வந்தார்.

“விக்கல. கிழிச்சுப் போட்டேன். செவப்பு செவப்பா வட்டம் போட்ட தாள எப்படி ஒட்டி வெக்கறது? பக்கத்து வீட்டுப் பசங்க நின்னு படிச்சுட்டுப் போறாங்க.” என்னைப் பார்த்தார். “ஏன் சார், எழுத்து நல்லாருந்த இடத்துல வண்டி கிடைக்கலியா?”

“கிடைச்சுது” என்றேன். “சேத்தோட.”

அவர் சிரிக்கவில்லை. “சார் வாங்கறதுன்னா குடுக்கறதா இல்ல. தங்கச்சி வாங்கறதுன்னா பேசலாம்.”

“நான்தான் வாங்கறேன்” என்றாள் அவள். “இவர் கூட வந்தவர்.”

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னேன். “திருத்தினதுக்கு ஒண்ணுமில்ல சார், திருத்தினதெல்லாம் சரியாத்தான் இருக்கும். சிரிச்சீங்க பாருங்க, அதுதான்” என்றார்.

விற்பனைக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். “நீங்களே எழுதுங்க. என் எழுத்து உங்களுக்கு ஆகாது.” எழுதினேன். பின்கதவு உள்ளிருந்து திறவாது. மழைக்காலத்தில் ஓட்டுநர் காலடியில் நீர் கசியும். அவர் ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தார். நெடுநேரம் ஆயிற்று. முடித்துவிட்டு, “ஏசிய விட்டுட்டீங்க” என்றார். அதையும் சேர்த்தேன். என் மகள் கைப்பேசியிலேயே காப்பீட்டை எடுத்தாள்.

காரின் கூரையிலிருந்து கழற்றிய பழைய சாமான் சட்டத்தை முன்னிருக்கையில் சாய்த்து வைத்துவிட்டு, என்னைப் பின்னால் உட்காரச் சொன்னார்கள். பெயிண்டர் வெளியிலிருந்து கதவைச் சாத்தினார். வெயில் தாழத் தொடங்கியிருந்தது. வீட்டுக்குப் போகும் வழி நெடுஞ்சாலைதான். என் மகள் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முதுகு சாயாமல் ஓட்டினாள்.

ஒற்றின் கொட்டகை வந்தது. அந்த வண்டியின் முன்னால் ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும் நின்றுகொண்டிருந்தார்கள். அவன் அட்டையைப் படித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தான். அவள் வயிறு நிறைமாதமாக இருந்தது. ஒற்று நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

“நிறுத்தும்மா.”

கார் ஒரு முறை குலுங்கி ஓரமாக நின்றது. அவள் நிறுத்தினாளா, வண்டி நின்றதா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கைப்பிடியை இழுத்தேன். கதவு திறக்கவில்லை. தோளால் இடித்தேன், திறக்கவில்லை. உள்ளே இருந்து திறக்காது என்று அந்த மனிதர் எழுதி வைத்திருந்தார். நானும் ஒரு மணி நேரத்துக்கு முன்பு என் கையாலேயே எழுதியிருந்தேன். கண்ணாடியை மடமடவென்று இறக்கித் தலையை வெளியே நீட்டினேன். கடைசி பெஞ்சு வரை கேட்கும் குரல் என்று முன்பே சொன்னேன். அன்று சாலையின் மறுகரை வரை கேட்டது.

“அது நல்ல வண்டி அல்ல. வாங்காதீங்க. வெள்ளத்துல முங்கினது. பின்சீட்டு பெல்ட்ட இழுத்துப் பாருங்க.”

ஒற்று திரும்பிப் பார்த்தான். என்னை அடையாளம் கண்டுகொண்டான். பல் தெரியச் சிரித்தான்.

“ஒருமை ஐயா” என்றான். “அன்று.”

முப்பத்தாறு ஆண்டுகளில் ஒரு மாணவன் என்னைத் திருத்தியது அதுவே முதல் முறை. அவன் சொன்னது சரி. முகம் கொதித்தது. “அல்லடா” என்று மறுபடியும் கத்தினேன். “அல்ல, அல்ல, அல்ல.”

இளைஞன் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்து, எவன் பைத்தியம் என்று தெரியாமல் விழித்தான். அந்தப் பெண் யாரையும் பார்க்கவில்லை. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் அந்தக் காரின் பின்கதவைத் திறந்தாள். குனிந்து பெல்ட்டைப் பிடித்தாள். அது கறுப்பாக நீண்டு வந்துகொண்டிருந்தது.