காலியாக வராத ஜாடிகள்

பக்மா என் கூடாரத்துக்குள் நுழைந்தபோது அவள் கையில் நான் தயிர் கொடுத்த ஜாடி இருந்தது. அதற்குள் ஒரு பிடி அரிசி.

போச்சு, இன்றைக்கும் வியாபாரம் போச்சு.

வெறும் பாத்திரத்தை யாராவது திருப்பித் தருவார்களா? மங்கோலியத் தலைநகர் உலான்பாதரின் இந்த மலைச்சரிவில் எப்பேர்ப்பட்ட கஞ்சனும் அதைச் செய்யமாட்டான். பக்மா அரிசி போட்டதில் தப்பில்லை. அடுத்த தயிருக்குக் காசையும் நீட்டத்தான் செய்தாள். என் பாழாய்ப்போன வாய்தான், "அட வச்சுக்கோ போ," என்றது. கை நிறையக் கொண்டுவந்து நிற்கிறவளிடம் காசு வாங்குவது எப்படி? அப்படி வாங்காமல் வியாபாரம் நடத்துவதும் எப்படி? யோசித்தால் தலை சுற்றுகிறது.

சிறுதொழில் திட்டத்துக்காரர்கள் நல்ல மனசோடுதான் வந்தார்கள். ஏழைப் பெண்கள் சொந்தக் காலில் நிற்கவேண்டும் என்று பயிற்சி கொடுத்தார்கள். மூடி போட்ட கண்ணாடி ஜாடிகளும் கொடுத்தார்கள். வியாபாரம் ஓடுகிறது என்று காட்டினால் தண்ணீர் பிடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இரும்புத் தகட்டில் செய்த ஒரு சின்னக் கடை எனக்கு. கடை வந்துவிட்டால் என் புருஷன் தம்தின் இந்தக் குளிர்காலம் நிலக்கரி மூட்டை தூக்க வேண்டாம். ராத்திரியெல்லாம் அவன் இருமுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பவள் நான்.

அவனுக்கோ எல்லாம் விளையாட்டு. காலையில்கூட, ஜாடிகளில் வந்து பெட்டிமேல் குவிந்திருந்த காய்ந்த தயிர்க்கட்டி, மிட்டாய், அரைச் சோப்பு, யாரோ பின்னிய குழந்தைக் காலுறை எல்லாவற்றையும் பார்த்து, "தயிர்க்கடை எதுக்குடி? பேசாம பலசரக்குக் கடையே போட்டுடு," என்றான்.

"வாய மூடு. நமக்கு ஏது குழந்த? அந்தக் காலுறைய நீயே மாட்டிக்க," என்றேன்.

பக்மா கிளம்புவதற்குள் திட்டத்திலிருந்து நொமின் வந்துவிட்டாள். நகரத்துப் பெண், நல்லவள். போன தடவை என்னிடம் காசு கொடுத்துத் தயிர் வாங்கிப் போனவள் அவள் ஒருத்திதான். பெட்டியைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"அக்கா, இத வச்சு நான் மேலிடத்துல என்ன சொல்லுவேன்? பக்கத்து மலையில ஒரு அம்மா ரொட்டி வித்துக் காசு காட்டுறாங்க. கடை அவங்களுக்குப் போயிடும்."

"இனிமே கண்டிப்பா வாங்கறேன்மா."

"போன தடவையும் இதத்தான் சொன்னீங்க. சரி, என்கிட்டயாவது காச வாங்கிட்டுக் குடுங்க. நான் பாக்கணும். வாங்கிட்டீங்கன்னா கடைக்கு உங்க பேர இன்னிக்கே சொல்லிடறேன்."

இவ்வளவுதானா! இவள் என்ன என் பக்கத்து வீட்டுக்காரியா? இவளிடம் காசு வாங்க எனக்கென்ன கூச்சம்? நிமிர்ந்து உட்கார்ந்தேன். பக்மாவும் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டாள்.

நொமின் பணப்பையை எடுக்கக் கைப்பையைத் திறந்தாள். முதலில் வந்தது துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று. அதைப் பிரித்து, போன தடவை கொண்டுபோன ஜாடியை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள்.

ஜாடி நிறைய உலர்ந்த திராட்சை.

பக்மா சிரிப்பை அடக்கத் தன் கழுத்துத் துணியை வாயில் அடைத்துக்கொண்டாள். நொமின் ஜாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் முகம் காதுவரை சிவந்துவிட்டது.

"அது... வெறும் ஜாடிய எப்படிக்கா குடுக்கறது," என்றாள்.

திராட்சையைக் கிண்ணத்தில் கொட்டினேன். ஜாடியைக் கழுவித் தயிரை விளிம்புவரை ஊற்றினேன். அவள் ஒரு கையில் பண நோட்டோடு நின்றாள். வெளியே தம்தின் இருமிக்கொண்டே விறகு பிளந்துகொண்டிருந்தான். காசைக் கேள், செவெல்மா, வாயைத் திறந்து கேள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜாடியை நீட்டினேன்; மறு கை நோட்டை வாங்க இன்னும் நீளவில்லை. தயிர் வழிந்து விரலில் இறங்கியது.